நிராதரவான மனைவியருக்கு வழி கண்ட ஹகீமுல் உம்மத்

கணவன் மௌத்தாகிவிட்டால் மனைவிக்கு நான்கு மாதம் பத்து நாள் இத்தா உண்டு. தலாக் சொல்லப்பட்டவளுக்கும் ஒரு காலவரையறை உண்டு. அந்தக் காலம் கழிந்ததும், மீதமுள்ள வாழ்வை அவள் தன் விருப்பப்படி அமைத்துக் கொள்ள மார்க்கம் வாசலைத் திறந்து விடுகிறது. ஆனால் கணவன் உயிரோடிருக்கிறானா, இறந்து விட்டானா என்பதே தெரியாத ஒருத்தி எத்தனை நாள் காத்திருப்பது? அவள் மனைவியா, விதவையா? அவளுக்குச் சோறு போட வேண்டியவர் யார்? அவள் கையில் வளரும் குழந்தைக்குத் தகப்பன் எங்கே?

கெலவரப்பள்ளி வட்டாரத்தில் வாழும் நமக்கு இக்கேள்விகள் ஏட்டுச் சுரைக்காய் அல்ல. நந்தி மலையில் பிறந்து வரும் தென்பெண்ணை, கர்நாடக எல்லையைக் கடந்ததும் அணைக்குள் அடங்கி நிற்கும் ஊர் இது. ஆறு இந்தப் பக்கம் வருகிறது. ஆடவர்கள் பிழைப்பைத் தேடி அந்தப் பக்கம் போகிறார்கள். அத்திப்பள்ளியைத் தாண்டினால் வேறு மாநிலம், இன்னும் சற்றுத் தொலைவு சென்றால் பெங்களூர். ஓசூரில் சிப்காட் தொழிற்பேட்டை எழுந்த பிறகு எங்கெங்கிருந்தோ ஆட்கள் வந்து குடியேறினார்கள். அவர்களுள் சிலர் இங்கேயே நிக்காஹ் செய்து கொண்டார்கள். பூர்வீகத்தைத் தீர விசாரியாமல் பெண் கொடுத்த குடும்பங்களும் உண்டு. ஒப்பந்த வேலை முடிந்ததும் ஊருக்குப் போய் வருகிறேன் என்று கிளம்பிய கணவன் திரும்பாமல் போன கதைகளைக் கேளாத ஜமாஅத் இந்த எல்லைப் பகுதியில் அரிது. அத்தகைய பெண் முத்தவல்லியின் முன் வந்து நிற்கும்போது, ஹனஃபி மத்ஹபைப் பின்பற்றும் நம் ஊர் ஆலிம்கள் எந்தக் கிதாபைப் புரட்டுகிறார்களோ, அந்தக் கிதாபை எழுதிய பெருந்தகையின் வாழ்க்கையையே இவ்வாரம் காண இருக்கிறோம். ஹகீமுல் உம்மத், சமுதாயத்தின் மருத்துவர், என்று இந்தியத் துணைக்கண்டத்து முஸ்லிம்கள் போற்றும் மௌலானா அஷ்ரஃப் அலீ தானவீ (ரஹ்மதுல்லாஹி அலைஹி) அவர்களே அன்னார்.

இன்றைய உத்தரப் பிரதேசத்தில், அந்நாளில் முஸஃப்பர் நகர் மாவட்டத்தைச் சேர்ந்திருந்த தானா பவன் என்னும் சிற்றூரில் ஹிஜ்ரி 1280-இல், அதாவது 1863-ஆம் ஆண்டில் மௌலானா பிறந்தார்கள். அதற்கு ஆறாண்டுகளுக்கு முன்னர்தான் 1857 கிளர்ச்சியில் பங்கு கொண்ட குற்றத்திற்காக அவ்வூரை ஆங்கிலேயர்கள் சூறையாடியிருந்தனர். அங்கே கான்காஹ் அமைத்து வாழ்ந்த ஹாஜி இம்தாதுல்லாஹ் (ரஹ்) அவர்கள் மக்கமா நகருக்கு ஹிஜ்ரத் செய்து விட்டார்கள். இடிந்த ஊரில் பிறந்த இக்குழந்தை பிற்காலத்தில் அந்த ஹாஜியாரிடமே பைஅத் செய்து, அன்னார் விட்டுச் சென்ற கான்காஹிலேயே அமர்ந்து பணி புரிய வேண்டுமென்பது இறைவனின் நாட்டமாயிருந்தது.

தாயாரை மௌலானா சின்னஞ்சிறு வயதிலேயே இழந்தார்கள். தகப்பனார் அப்துல் ஹக் அவர்கள் வசதி படைத்தவர். தாயற்ற பிள்ளைகள் இருவரையும் தாமே சீராட்டி வளர்த்த அவர், மூத்தவரை மார்க்கக் கல்விக்கும் இளையவர் அக்பர் அலீயை ஆங்கிலக் கல்விக்கும் அனுப்பினார். மூத்தவர் இளமையிலேயே திருக்குர்ஆனை மனனம் செய்து, ஹிஜ்ரி 1295-இல் தேவ்பந்து தாருல் உலூமில் சேர்ந்தார்கள். மௌலானா யஃகூப் நானூத்தவீ, ஷைகுல் ஹிந்து மஹ்மூதுல் ஹஸன் (ரஹிமஹுமல்லாஹ்) போன்ற மேதைகளிடம் ஓதி, 1301-இல் படிப்பை நிறைவு செய்தார்கள். ஸனது வழங்கித் தலைப்பாகை அணிவிக்கும் விழா நெருங்கியபோது, தமக்கு அத்தகுதி இல்லை, மத்ரஸாவின் பெயர் கெடும் என்று ஆசிரியரிடமே போய் முறையிட்ட மாணவர் இவர்கள். பின்பு கான்பூரில் பதினான்கு ஆண்டுகள் ஆசிரியப் பணியாற்றி, 1897-ஆம் ஆண்டையொட்டித் தானா பவனுக்குத் திரும்பினார்கள். அதன்பின் அந்தக் கான்காஹை விட்டு நிரந்தரமாக எங்கும் குடி பெயரவில்லை. கடிதங்களுக்குப் பதில் எழுதுவதும், நூல்களை இயற்றுவதும், வந்தவர்களின் உள்ளத்து நோய்களுக்கு மருந்து சொல்வதுமாக ஏறத்தாழ நாற்பத்தைந்து ஆண்டுகள் கழிந்தன.

பெண்களுக்கென்றே அவர்கள் எழுதிய பிஹிஷ்தீ ஜேவர், சுவர்க்க ஆபரணம் என்று பொருள்படும் நூல், உர்து தெரிந்த இல்லந்தோறும் புகுந்தது. மணமகளுக்குச் சீரோடு சேர்த்து அந்நூலைக் கொடுத்தனுப்பும் வழக்கமே ஏற்பட்டது. எழுத்தறிந்த பெண் தன் உரிமைகளையும் கடமைகளையும் பிறர் வாய் பார்க்காமல் தானே படித்துத் தெரிந்து கொள்ள வேண்டுமென்பது மௌலானாவின் நோக்கம். ஆனால் ஒழுங்கில் மிகக் கண்டிப்பானவர்கள். பெண்கள் அனுப்பும் கடிதங்களில் கணவரோ மஹ்ரமான ஆணோ கையொப்பமிட்டிருக்க வேண்டும் என்பது அவர்கள் வகுத்த விதி. கையொப்பமிடக் கணவன் இல்லாத பெண்களைப் பற்றியே அன்னாரின் தலைசிறந்த ஃபிக்ஹு நூல் பிற்காலத்தில் அமைந்தது என்பதை எண்ணிப் பார்க்கையில் வியப்பு மேலிடுகிறது.

சட்டம் சொல்பவரின் வீடு எப்படியிருந்தது என்று பார்ப்பது நம் மக்களின் இயல்பு. அது தவறும் அன்று. மௌலானாவுக்கு மனைவியர் இருவர், மக்கட்பேறு இல்லை. இரு மனைவியருக்கிடையே நீதம் செலுத்தல் என்பதைப் பேச்சளவில் விட்டுவிடாமல் தராசில் நிறுத்தே காட்டினார்கள். யாரேனும் பழமோ இனிப்போ அன்பளிப்பாகக் கொண்டு வந்தால் அதனைத் தராசிலிட்டுச் சரிபாதியாகப் பிரித்து இரு வீட்டுக்கும் அனுப்புவார்கள். ஒரு வீட்டுக்குரிய நேரத்தில் மறு வீட்டின் அலுவல் நுழைய விடமாட்டார்கள். இந்தப் பாரம் எத்தகையது என்பதைத் தாமே சுமந்தறிந்ததனாலோ என்னவோ, பிறருக்கு இரண்டாம் திருமணத்தை அன்னார் எளிதில் பரிந்துரைக்கவில்லை. இரண்டு, மூன்று என்று எண்ணிக்கையை மட்டும் மனப்பாடம் செய்து வைத்திருப்போர், அத்துடன் அந்தத் தராசையும் வாங்கி வைத்துக் கொண்டால் நல்லது.

மற்றொரு நிகழ்ச்சி இதனினும் உள்ளத்தைத் தொடுவது. தகப்பனார் மறைந்து பல்லாண்டுகளுக்குப் பின்னர் மௌலானாவுக்கு ஓர் எண்ணம் தோன்றிற்று. தகப்பனார் தம் வாழ்நாளில் நான்கு திருமணங்கள் செய்தவர். அம்மனைவியருக்குரிய மஹர் கொடுக்கப்பட்டதா? மனைவி மன்னித்து விட்டாள் என்று ஊர் வழக்கத்தின்படி ஊகித்துக் கொள்வது போதுமா? மஹர் என்பது கணவன் மீதுள்ள கடன். கடன் தீராமல் சொத்து வாரிசுகளுக்குச் சேராது. அப்படியாயின் தமக்குக் கிடைத்த பங்கிலும் அந்தக் கடன் ஒட்டிக் கொண்டிருக்கிறது என்று மௌலானா அஞ்சினார்கள். அப்பெண்மணிகளின் வாரிசுகள் யார், அவ்வாரிசுகளின் வாரிசுகள் யார் என்று கணக்கிட்டு, பல ஊர்களில் சிதறிக் கிடந்தவர்களைத் தேடிப் பிடித்து, தம் பங்குக்குரிய தொகையை ஒவ்வொருவருக்கும் சேர்ப்பித்தார்கள். சிலருக்குக் கிடைத்தது சில காசுகளே. ஆயினும் அந்தச் சில காசுகளையும் விட்டுவிடவில்லை. மேடையில் மஹரை அறிவித்துவிட்டு, மௌத்தான பின் மையித்தருகே மனைவியை நிறுத்தி மன்னித்து விடு என்று கேட்கும் வழக்கமுள்ள குடும்பங்கள் நம்மிடையே இன்னும் இருக்கின்றன. அக்குடும்பங்களில் இந்நிகழ்ச்சி படித்துக் காட்டப்பட வேண்டும்.

பெற்றோர், மகன், மருமகள் ஆகியோருக்கிடையே எழும் சிக்கலையும் மௌலானா தீண்டாமல் விடவில்லை. பெற்றோரின் உரிமைகளைச் சமன் செய்து காட்டவே தனியாக ஒரு சிறு நூல் எழுதினார்கள். தாய் தந்தையருக்குப் பணிவிடை செய்வது கடமை என்பதில் ஐயமில்லை. ஆனால் தக்க காரணமின்றி மனைவியைத் தலாக் சொல் என்று அவர்கள் கட்டளையிட்டால் மகன் அதற்குக் கட்டுப்பட வேண்டியதில்லை. தனி இருப்பிடம் கேட்பது மனைவியின் உரிமை. அவள் அதைக் கேட்கும்போது, கூட்டுக் குடும்பத்தில்தான் கிடக்க வேண்டும் என்று பெற்றோர் வற்புறுத்தினாலும் மனைவியின் உரிமை பறிபோகாது. அக்காலத்து வட இந்தியக் குடும்பங்களில் இதைச் சொல்ல நெஞ்சுரம் வேண்டும். இக்காலத்து நம் குடும்பங்களிலும் அப்படித்தான்.

இனி முதலில் கேட்ட கேள்விக்கு வருவோம்.

காணாமற் போன கணவனை ஃபிக்ஹு நூல்கள் மஃப்கூத் என்று குறிக்கும். ஹனஃபி மத்ஹபின் சட்டப்படி, மரணம் உறுதிப்படாத வரை அவன் உயிருள்ளவனே. அவன் சொத்தைப் பங்கிடலாகாது. அவன் மனைவியும் மறுமணம் புரியலாகாது. அவன் வயதையொத்தவர்கள் உலகை விட்டு மறையும் வரை அவள் காத்திருக்க வேண்டும். பிற்கால அறிஞர்கள் அதைக் கணவனுக்குத் தொண்ணூறு வயதாகும் வரை என்று வரையறுத்தார்கள். இருபது வயது மனைவியின் நிலையை நேயர்களே கணக்கிட்டுக் கொள்ளலாம். இச்சட்டம் கல்நெஞ்சத்தில் பிறந்ததன்று. ஹஸ்ரத் அலீ (ரலியல்லாஹு அன்ஹு) அவர்களின் கருத்தை ஆதாரமாகக் கொண்டது. போருக்கோ வாணிபத்துக்கோ சென்றவன் திரும்பி வந்து தன் மனைவி பிறன் மனையில் இருக்கக் காணும் கொடுமையைத் தவிர்க்க எழுந்தது. மறுபுறம், ஹஸ்ரத் உமர் (ரலியல்லாஹு அன்ஹு) அவர்கள் இத்தகைய பெண்ணுக்கு நான்காண்டு தவணை கொடுத்து, அதன்பின் இத்தா இருக்கச் செய்து, மறுமணத்துக்கு அனுமதித்தார்கள். இமாம் மாலிக் (ரஹ்) அவர்களின் மத்ஹபு இத்தீர்ப்பைத் தழுவியது.

காஜிகள் அமர்ந்து நீதி வழங்கிய காலத்தில் இந்த வேறுபாடு ஓரளவு சமாளிக்கப்பட்டது. ஆங்கில அரசு 1864-ஆம் ஆண்டில் ஒரு சட்டத்தின் மூலம் காஜிகளை நியமிக்கும் முறையையே நிறுத்தி விட்டது. முஸ்லிம்களின் குறை கேட்டு 1880-இல் காஜிகள் சட்டம் வந்தது. அது முதன்முதலில் நம் சென்னை மாகாணத்துக்கே நடைமுறைக்கு வந்தது என்பது இங்கே பலருக்குத் தெரியாது. ஆனால் அச்சட்டம் காஜிக்கு நிக்காஹ் நடத்தி வைக்கும் பெயரைக் கொடுத்ததே தவிர, நீதி வழங்கும் அதிகாரத்தைக் கொடுக்கவில்லை. ஹனஃபி சட்டப்படி திருமணத்தை ரத்துச் செய்ய முஸ்லிம் நீதிபதி வேண்டும். நாட்டிலோ அத்தகைய மன்றம் இல்லை. கணவன் காணாமற் போனவள், சோறு போடாமல் கைவிடப்பட்டவள், அடித்துத் துன்புறுத்தப்படுபவள், பைத்தியத்துக்கு வாழ்க்கைப்பட்டவள் எல்லோரும் ஒரே சிறையில் அடைபட்டார்கள்.

அந்தச் சிறையை உடைக்க பஞ்சாபில் சில பெண்கள் கண்ட வழியைக் கேட்டு ஆலிம்கள் நடுங்கினார்கள். இஸ்லாத்தை விட்டு வெளியேறினால் திருமணம் தானே முறிந்து விடும் என்பது நீதிமன்றங்கள் ஏற்றுக் கொண்ட சட்டம். ஆகவே வேறு வழியில்லாத பெண்கள் மதம் மாறியதாக அறிவித்துக் கணவனிடமிருந்து விடுபடத் தலைப்பட்டனர். அல்லாமா இக்பால் அவர்களும் தம் ஆங்கிலச் சொற்பொழிவுகளில் இந்த அவலத்தைச் சுட்டிக் காட்டினார்கள். ஈமானை விற்று விடுதலையை வாங்கும் நிலைக்கு ஒரு பெண் தள்ளப்பட்டால், குற்றம் அவளுடையது மட்டுமா?

மௌலானா அவர்கள் இக்கேள்வியை நேருக்கு நேர் நோக்கினார்கள். அப்போது அவர்களுக்கு வயது எழுபதை நெருங்கிக் கொண்டிருந்தது. தேவ்பந்திலும் ஸஹாரன்பூரிலும் இருந்த ஆலிம்களோடு கலந்தாய்ந்து, முஃப்தி முஹம்மது ஷஃபீஃ, மௌலானா அப்துல் கரீம் கும்தலவீ ஆகியோரைத் துணையாகக் கொண்டு, 1930-களின் தொடக்கத்தில் அல்ஹீலத்துன் நாஜிஸா என்னும் நூலை வெளியிட்டார்கள். இயலாத மனைவியருக்குப் பலன் தரும் உபாயம் என்பது அதன் முழுப் பெயரின் கருத்து. மாலிகி மத்ஹபின் சட்டத்தை எடுத்தாள வேண்டியிருந்ததால், கிதாபுகளில் கண்டதோடு நிறுத்திக் கொள்ளவில்லை. புனித மதீனாவில் இருந்த மாலிகி முஃப்திகளுக்கே எழுதி, அவர்களுடைய ஃபத்வாக்களைத் தருவித்து நூலில் சேர்த்தார்கள். தம் மத்ஹபைத் தம் உயிரினும் மேலாகப் போற்றிய ஒருவர், அடுத்த மத்ஹபின் வாசலில் போய் நின்று சட்டம் கேட்டார்கள் என்பது சிறிய செய்தியன்று. அதற்கு முன்மாதிரியும் இருந்தது. ஷாம் தேசத்துப் பேரறிஞர் இப்னு ஆபிதீன் (ரஹ்) அவர்கள், நெருக்கடியான நிலையில் மஃப்கூதின் மனைவிக்கு மாலிகி சட்டப்படி ஃபத்வா கொடுப்பதில் தவறில்லை என்று முன்பே எழுதி வைத்திருந்தார்கள்.

நூலின் சாரம் வருமாறு. மதம் மாறுவதால் பெண்ணின் திருமணம் முறிவதில்லை என்னும் பல்கு, ஸமர்கந்து ஹனஃபி அறிஞர்களின் தீர்ப்பை மௌலானா தேர்ந்தெடுத்தார்கள். அந்த வாசல் மூடப்பட்டது. ஒரு வாசலை மூடுகிறவர் வேறொரு வாசலைத் திறந்தாக வேண்டுமல்லவா? கணவன் காணாமற் போனவள் வழக்குத் தொடுத்து, அவன் தேடப்பட்டு, நம்பிக்கை அற்ற பின் நான்காண்டுத் தவணை விதிக்கப்படும். அது முடிந்ததும் கணவனை இழந்தவளின் இத்தாவை இருந்து அவள் மறுமணம் செய்யலாம். அவ்வளவு காலம் பொறுத்தால் பாவத்தில் விழுந்து விடுவோம் என்று அஞ்சும் நிலையில் இருப்பவளுக்கு ஓராண்டுத் தவணைக்கும் வழி காட்டினார்கள். வசதி இருந்தும் செலவுக்குக் கொடாமல் தொங்கலில் விடுகிறவன், பைத்தியம் பிடித்தவன் ஆகியோரின் மனைவியருக்கும் விடுதலை முறைகள் வகுக்கப்பட்டன. முஸ்லிம் நீதிபதி இல்லாத ஊரில், மாலிகி சட்டப்படி, நேர்மையும் மார்க்கப் பற்றும் உள்ள முஸ்லிம்கள் குறைந்தது மூவர் அடங்கிய ஜமாஅத், ஆலிம்களின் ஆலோசனையோடு ஒருமனதாகத் தீர்ப்பளிக்கலாம்.

நோய் வருமுன் காக்கும் மருந்தையும் மருத்துவர் மறக்கவில்லை. நிக்காஹ் வேளையிலேயே, இன்னின்ன கொடுமை நேர்ந்தால் தலாக்கின் உரிமை மனைவியின் கைக்கு மாறும் என்று எழுதி வாங்கிக் கொள்ளும் தஃப்வீளு முறையை விரிவாக விளக்கினார்கள். நிக்காஹுக்கு முன் எழுதினால் எத்தகைய வாசகம், நிக்காஹின்போது எத்தகைய வாசகம், பின்னர் எழுதினால் எத்தகைய வாசகம் என மாதிரிகளையே வரைந்து தந்தார்கள். கோபத்தின் வேகத்தில் அவ்வுரிமை பயன்பட்டு விடாதிருக்க, பொறுப்பான பெரியவர்களின் இசைவோடு அதைப் பிணைக்கவும் சொன்னார்கள். விருந்துச் சாப்பாட்டுக்கு எத்தனை ஆட்டுக்கடா என்று மாதக்கணக்கில் பேசும் நம் பெண் வீட்டார், இந்தத் தாளைப் பற்றி ஐந்து நிமிடம் பேசுவதில்லை.

நூல் வெளிவந்தபின் மத்திய சட்டசபையில் காஜி முஹம்மது அஹ்மது காஸிமி அவர்கள் ஒரு மசோதாவைக் கொண்டு வந்தார்கள். அது 1939 மார்ச்சில் முஸ்லிம் திருமண ரத்துச் சட்டமாக, அவ்வாண்டின் எட்டாவது சட்டமாக நிறைவேறியது. நான்காண்டுகள் கணவனைப் பற்றித் தகவலில்லாதிருத்தல், ஈராண்டுகள் ஜீவனாம்சம் கொடாதிருத்தல், ஏழாண்டுகளோ அதற்கு மேலோ சிறைத் தண்டனை, கொடுமை முதலிய காரணங்களால் மனைவி நீதிமன்றத்தில் விடுதலை கோரலாம். பதினைந்து வயதுக்கு முன் தகப்பனோ காப்பாளரோ மணம் முடித்துக் கொடுத்திருந்தால், தாம்பத்தியம் நிகழாத நிலையில், பதினெட்டு வயதுக்குள் பெண் அதை மறுக்கலாம். மதம் மாறுவதால் மட்டும் முஸ்லிம் பெண்ணின் திருமணம் முறியாது என்றும் சட்டம் கூறியது. விடுதலை பெறுவதால் அவளுடைய மஹர் உரிமை பாதிக்கப்படுவதில்லை. காணாமற் போன கணவனின் வழக்கில் தீர்ப்பு உடனே நடைமுறைக்கு வராது. ஆறு மாதம் பொறுத்து, அதற்குள் அவன் வந்து வாழத் தயாராயின் தீர்ப்பு நீக்கப்படும்.

ஆயினும் மௌலானாவின் நோக்கம் முழுமையாக நிறைவேறிற்று என்று சொல்ல முடியாது. இவ்வழக்குகளை முஸ்லிம் நீதிபதியே விசாரிக்க வேண்டும் என்னும் விதி மசோதாவில் இருந்தது. சட்டமாகும்போது அது நீக்கப்பட்டு விட்டது. ஆலிம்கள் அதிருப்தி தெரிவித்தார்கள். அந்த இடைவெளி இன்றும் இருக்கிறது. ஜமாஅத்தின் தீர்ப்பைப் பெண்ணின் மனச்சாட்சி ஏற்கிறது, அரசு ஏற்பதில்லை. ஃபத்வாக்களுக்கும் தாருல் களா தீர்ப்புகளுக்கும் சட்ட வலு இல்லை என்று 2014-இல் உச்ச நீதிமன்றம் தெளிவாக்கியது. 1939-ஆம் ஆண்டுச் சட்டமோ இன்றும் நடைமுறையில் உள்ளது. எனவே எல்லைக்கு அப்பால் மறைந்து விட்ட கணவனின் மனைவி ஜமாஅத்திடம் வந்தால், அவளைக் குடும்ப நீதிமன்றத்துக்கும் அழைத்துச் செல்வதே முத்தவல்லிகளுக்கு அழகு. ஜமாஅத்தின் தாள் மட்டும் கையிலிருந்தால் பிள்ளையின் பள்ளிக்கூடத்திலோ பாஸ்போர்ட் அலுவலகத்திலோ அவள் அலைக்கழிக்கப்படுவாள். நீதிமன்றத்தின் தாள் மட்டும் இருந்தால் மறுநிக்காஹ் ஓதும் ஆலிம் தயங்குவார். ஆறு மாதத் தவணைக்கும் இத்தாவுக்கும் கணக்குப் பார்த்து இரண்டையும் இணைத்து முடிப்பது கடினமான வேலையன்று. முன்னின்று செய்வோர்தான் குறைவு.

அச்சட்டம் நிறைவேறிய பின் மௌலானா அவர்கள் நான்காண்டுகளே வாழ்ந்தார்கள். நோய்வாய்ப்பட்டிருந்த இறுதி நாட்களிலும் கான்காஹின் ஒழுங்குகளைத் தளர்த்தவில்லை. ஹிஜ்ரி 1362 ரஜப் மாதம், 1943 ஜூலையில், தானா பவனிலேயே இறையடி சேர்ந்தார்கள். தாம் அடக்கத்தலத்துக்கென வக்ஃபு செய்திருந்த நிலத்தில் அன்னாரின் உடல் நல்லடக்கம் செய்யப்பட்டது. அல்லாஹ் அன்னாரின் கப்ரை ஒளிமயமாக்குவானாக.